கேம்பாய் கணக்கும் என் பையனும்

நாக்பூர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஒன்பதாவது படிக்கிற என் பையன் தீர்ப்பு சொல்றான்: "அப்பா, நின்டெண்டோ டிஎஸ் 15.4 கோடி வித்துச்சு. த்ரீடிஎஸ் 7.59 கோடிதான். பாதி கூட இல்ல, ஃப்ளாப்."

இருபது வருஷமா பேங்க்ல பேலன்ஸ் பாத்தே கண்ணு பூத்துப் போனவன் நான். வெறும் மொத்தத்தை வச்சு யாராவது தீர்ப்பு சொன்னா வாய் சும்மா இருக்காதுங்க.

முதல்ல கேம்பாய். 11.87 கோடின்னு போடறாங்களே, அதுல 1998ல வந்த கேம்பாய் கலரும் சேர்த்தி. ரெண்டு கிளை டெபாசிட்டை ஒரே கிளை பேர்ல காட்டற வேலை! 1989ல வந்தது, 2001ல கேம்பாய் அட்வான்ஸ் வர்ற வரைக்கும் 12 வருஷம் ஆண்டுச்சு. அட்வான்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. 2004 கடைசியிலயே டிஎஸ் வந்து அதை ஓரங்கட்டிடுச்சு. அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் கடையில இருந்ததுதான், இல்லேங்கல. இருந்தும் 8.15 கோடி. வருஷத்தால வகுத்துப் பாருங்க, அண்ணனை விட தம்பிதான் வேகம். என் ஓட்டு அதுக்குத்தான்.

இப்ப பையன் ஃப்ளாப்னு சொன்ன த்ரீடிஎஸ். 2011ல அமெரிக்காவுல 249.99 டாலருக்கு இறக்கினாங்க. சரியாப் போகல. ஆறு மாசம் முடியறதுக்குள்ள 169.99. கம்பெனித் தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்துலயே பாதியை வெட்டிக்கிட்டார். (நம்ம பக்கம் டார்கெட் தவறினா வெட்டு யார் தலையில விழும்னு நான் சொல்லணுமா?) அந்த நேரம் பார்த்து எல்லார் பாக்கெட்லயும் ஸ்மார்ட்போன் ஏறிக்கிட்டிருந்தது. போட்டிக்கு வந்த சோனியோட வீட்டா எத்தனை வித்துச்சுன்னு கம்பெனியே தனியா சொல்றதை நிறுத்திடுச்சு. அந்தக் காலத்துல 7.59 கோடின்னா, வாராக்கடன்னு எழுதி வச்ச கணக்கு வட்டியோட திரும்பி வந்த மாதிரி.

"அப்போ ஸ்விட்ச்?" 2017ல வந்து, 2024 டிசம்பர் வரைக்குமே 15 கோடியைத் தாண்டினதுதான். ஆனா அதை டிவியிலயும் மாட்டலாமே! முன்னாடி டிவிக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வித்த கம்பெனி இது. சேவிங்ஸையும் கரண்ட் அக்கவுண்டையும் ஒண்ணாக் கூட்டிட்டு, வெறும் சேவிங்ஸான டிஎஸ்ஸோட ஒப்பிட்டா நான் ஒத்துக்க மாட்டேன்.

பையன் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டான். "சரிப்பா, ஸ்விட்ச் 2 எப்ப வாங்கலாம்?"

சாங்ஷன் அதிகாரி அடுப்படியில இருக்காங்க, போய்க் கேளுன்னுட்டேன்.