மிச்சமாகும் நேரம் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் வைத்தியத்துக்குப் போகும் நோயாளியை முதலில் எதிர்கொள்கிறவர் டாக்டர் அல்ல, மருத்துவ உதவியாளர். பெயரைக் கூப்பிட்டு உள்ளே அழைத்துச் செல்வது, எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது, ஊசி போடுவது, பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது, அடுத்த தேதி கொடுப்பது, இன்சூரன்ஸ் கம்பெனியின் படிவங்களை நிரப்புவது — இத்தனையும் அவர் தலையில். அவர் நர்ஸ் அல்ல. நர்ஸுக்குள்ள அந்தஸ்தும் அவருக்குக் கிடையாது, சம்பளமும் கிடையாது. இப்படிப்பட்ட ஊழியர்கள் அந்த நாட்டில் சுமார் 8 லட்சம் பேர். மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

செயற்கை நுண்ணறிவு யந்திரம் வந்துவிட்டதே, இனி இவர்கள் பிழைப்பு என்னவாகும்? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. எல்லாம் போய்விடும் என்று பயமுறுத்துகிறது ஒரு கூட்டம். ஒன்றும் ஆகாது, உங்கள் சுமையைக் குறைக்கத்தான் யந்திரம் வருகிறது என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறது இன்னொரு கூட்டம். இந்த இரண்டாவது கூட்டம் யந்திரத்தை விற்கிற கூட்டம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பதிலுமே தவறு என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் பயமுறுத்துகிறவர்களைப் பார்ப்போம். 2016-ல் ஜெஃப்ரி ஹிண்டன் ஒரு ஜோசியம் சொன்னார். எக்ஸ்ரே படம் பார்க்கும் டாக்டர்களுக்கு இனி பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம். ஐந்து வருஷத்தில், மிஞ்சினால் பத்து வருஷத்தில், யந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். அவர் சாமான்யர் அல்ல. 2024-ல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. ஆயினும் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் இன்றைக்கும் எக்ஸ்ரே டாக்டர் கிடைக்கவில்லை என்றுதான் அலைகின்றன. மருத்துவ உதவியாளர் விஷயத்திலும் அதே கதை. 2024-லிருந்து 2034-க்குள் இந்த வேலையிடங்கள் 12 சதவீதம் பெருகும் என்பது அமெரிக்கத் தொழிலாளர் இலாகாவின் கணிப்பு. எல்லாத் தொழில்களையும் சேர்த்தால் பெருக்கம் சுமார் 3 சதவீதம்தான்.

காரணம் எளிது. கிழவர்களின் எண்ணிக்கை கூடுகிறது, நோயும் கூடுகிறது. நடுங்குகிற கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்ற யந்திரத்தால் ஆகவில்லை. அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்த அதனால் ஆகவில்லை. "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்" என்று பாட்டி சொல்லும்போது, அவள் முகத்தைப் பார்த்தே வாங்கக் காசில்லை என்று கண்டுகொள்வது மனுஷிக்கு மனுஷி நடக்கிற காரியம்.

அப்படியானால் கவலையை விட்டுவிடலாமா? கூடாது! வேலை எத்தனை என்பதை மட்டும் பார்த்தால் போதாது. வேலை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 மே மாதக் கணக்குப்படி மருத்துவ உதவியாளர்களில் நடுத்தட்டில் இருப்பவரின் வருஷச் சம்பளம் 44,200 டாலர். எல்லாத் தொழில்களையும் சேர்த்த நடுக்கணக்கு 49,500 டாலர். ஒவ்வொரு வருஷமும் இந்தத் தொழிலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள் காலியாகின்றன. அதில் பெரும்பகுதி, ஏற்கெனவே இருந்தவர்கள் வேறு தொழிலுக்குப் போவதாலும் ஓய்வு பெறுவதாலும் உண்டாகும் காலியிடம். வேலை இருக்கிறது; அதில் நிலைத்திருக்கத்தான் ஆளில்லை.

இந்த இடத்தில்தான் யந்திரம் வந்து நுழைகிறது. டாக்டரும் நோயாளியும் பேசுவதை அறையிலுள்ள கருவி கேட்கிறது. சில நிமிஷங்களில் மருத்துவக் குறிப்பு தயார். கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவ ஸ்தாபனம் தனது 40 ஆஸ்பத்திரிகளுக்கும் 600-க்கு மேற்பட்ட மருத்துவ நிலையங்களுக்கும் இத்தகைய யந்திரத்தைக் கொண்டுவருவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தது. தேதி கொடுப்பது, போனில் பதில் சொல்வது, ஞாபகமூட்டுவது ஆகியவற்றுக்கும் யந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. வீட்டுக்குப் போயும் ராத்திரி உட்கார்ந்து குறிப்பெழுதிய டாக்டருக்கு இது நிம்மதிதான். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் யந்திரம் எழுதுவது எல்லாம் உண்மை என்று எண்ணிவிடக் கூடாது. ஆஸ்பத்திரிகள் பயன்படுத்திவரும், பேச்சை எழுத்தாக்கும் ஒரு யந்திரம், யாரும் பேசாத வாக்கியங்களைத் தானாகவே சேர்த்துவிடுகிறது என்று 2024 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி ஸ்தாபனம் வெளியிட்டது. அதை யாராவது சரிபார்த்துத்தானே ஆகவேண்டும்? அதற்கு எந்தக் கணக்கில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்? தப்பு நேர்ந்தால் பழி யார் தலையில்?

இப்போது மூலக் கேள்விக்கு வருவோம். உதவியாளர் ஒருவருக்குத் தினம் ஒரு மணி நேர எழுத்து வேலை மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி என்னவாகும்? நோயாளியிடம் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்து பேசலாம். சம்பளத்தோடு புதிய வேலை கற்கலாம். அல்லது, டாக்டர் ஒருவருக்கு ஓர் உதவியாளர் இருந்த இடத்தில் இரண்டு டாக்டர்களுக்கு ஒருவர் போதும் என்று நிர்வாகம் உத்தரவு போடலாம். யந்திரம் ஒன்றுதான்; விளைவு மூன்று. இவற்றில் எது நடக்கும் என்பதை யந்திரம் தீர்மானிப்பதில்லை. யந்திரத்தின் சொந்தக்காரனுக்கும் அதன் முன்னால் நிற்கும் ஊழியருக்கும் உள்ள பலாபலம்தான் தீர்மானிக்கிறது.

அமெரிக்கக்காரன் பிரச்னை நமக்கெதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த வேலையின் ஒரு துண்டு நம் ஊருக்கே வந்து நாளாகிவிட்டது! 1990-களின் கடைசியிலிருந்து, அமெரிக்க டாக்டர் பேசிப் பதிவு செய்த குரலை இரவெல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்தவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள நமது பிள்ளைகள். பிறகு நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் மெடிக்கல் கோடிங்கும், பில் போடும் வேலையும் வந்தன. சென்னையிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கானோர் இதில் இருக்கிறார்கள். அமெரிக்க உதவியாளரின் வேலையில் கை வேலை அங்கேயே தங்கியது. காகித வேலை கூலி குறைந்த இடத்தைத் தேடிக் கடல் தாண்டியது. இப்போது யந்திரம் முதலில் கை வைப்பது அந்தக் காகித வேலையில். ரத்தம் எடுக்கிற அமெரிக்கப் பெண்ணுக்கு முன்னால், இரவு ஷிப்டில் கண் விழிக்கிற சென்னைப் பெண்தான் அடிபடுவாள். அவளுக்குச் சங்கமும் இல்லை.

அங்கே சங்கம் இருந்ததால் என்ன நடந்தது? 2023 அக்டோபரில் அதே கைசர் பெர்மனென்டேயில் மருத்துவ உதவியாளர்கள், டெக்னீஷியன்கள் உள்ளிட்ட 75,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்க வைத்தியத் துறை அதுவரை கண்டிராத வேலைநிறுத்தம் அது. ஆள் பற்றாக்குறையைத் தீர் என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. நான்கு வருஷத்தில் 21 சதவீதச் சம்பள உயர்வும், கலிபோர்னியாவில் மணிக்கு 25 டாலர் குறைந்தபட்சக் கூலியும் பெற்றார்கள். வெளியாருக்கு வேலையைத் தள்ளிவிடுவதற்கும் வரம்பு கட்டினார்கள். ஒப்பந்தம் எந்த யந்திரமும் எழுதியதல்ல. கதவுக்கு வெளியே கூடி நின்றவர்கள் எழுத வைத்தது.

நமக்கும் இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1960-களில் ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் கம்ப்யூட்டரைப் புகுத்த முனைந்தபோது, கல்கத்தாவில் இலாகோ கட்டடத்தின் முன் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் நின்றார்கள். பிற்காலத்தில் கம்ப்யூட்டர் வரவே செய்தது. ஆனால் "எங்களைக் கேட்காமல் எங்கள் வேலையை மாற்ற நீ யார்?" என்று அன்று எழுந்த கேள்வி இன்னும் பழசாகவில்லை.

அந்தக் கேள்வியை இன்றைய கோரிக்கைகளாக மாற்ற வேண்டும். யந்திரம் வருமுன் ஊழியர்களுக்கு அறிவித்து, சங்கத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ஓர் உதவியாளருக்கு இத்தனை நோயாளிதான் என்று வரம்பு வேண்டும். கலிபோர்னியாவில் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு 2004 முதல் அப்படி ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. உதவியாளருக்கு மட்டும் ஏன் கூடாது? யந்திரத்தின் எழுத்தைச் சரிபார்க்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். யந்திரத்தின் தப்புக்கு அதை வைத்தவர்தான் பொறுப்பேற்க வேண்டும். மிச்சமாகும் நேரத்தில், சம்பளத்தோடு, நர்ஸ் படிப்புக்கும் டெக்னீஷியன் படிப்புக்கும் வழிசெய்ய வேண்டும்.

இந்த வேலைக்குப் போகலாமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: தாராளமாகப் போங்கள். நோயாளியைத் தொட்டுச் செய்யும் வேலைகளை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அவை சீக்கிரத்தில் போகமாட்டா. ஆனால் கைத்திறன் வேலையைத்தான் காப்பாற்றும். நேரத்தையும் கூலியையும் காப்பாற்றுவது சங்கம். சேருகிற முதல் நாளே சங்கம் எங்கே என்று விசாரியுங்கள். இல்லையென்றால், பக்கத்து மேஜைக்காரரிடம் பேசத் தொடங்குங்கள்!