வென்றால் ஆட்டக்காரர், தோற்றால் தோலின் நிறம்!



2025 ஆகஸ்ட் 16ஆம் நாள். ஜோகன்னஸ்பர்க் நகரத்து எல்லிஸ் பார்க் அரங்கு. தென்னாப்பிரிக்க ரக்பி அணி ஆஸ்திரேலிய அணியோடு மோதுகிறது. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் 22–0 என்று முன்னணி! அரங்கமே அதிர்கிறது, ஆரவாரம் விண்ணைப் பிளக்கிறது. பிறகு? ஆஸ்திரேலியர் அடுக்கடுக்காக 38 புள்ளிகள் எடுத்தனர். தென்னாப்பிரிக்கரோ ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 22–38 என்று தோற்றுத் தலைகவிழ்ந்து வெளியேறினர்.

அன்று மாலையே தொடங்கிற்று வழக்காடல். "பயிற்சியாளர் எராஸ்மஸ் வயது முதிர்ந்த வீரர்களையே ஏன் கட்டிக்கொண்டு கிடக்கிறார்?" என்று ஒரு சாரார். "ஆளை மாற்றி மாற்றி ஆடிப் பார்க்கிறாரே, இது ஆட்டமா, ஆய்வுக்கூடமா?" என்று மற்றொரு சாரார். நான்கே வாரம் சென்றது. செப்டம்பர் 13ஆம் நாள் வெலிங்டன் நகரில், நியூசிலாந்தை அதன் சொந்த மண்ணில் 43–10 என்று அதே அணி வீழ்த்திற்று. நியூசிலாந்து தன் வரலாற்றில் கண்டறியாத பெருந்தோல்வி அது. வைத வாய்கள் வாழ்த்தின. நேற்றுக் கல்லெறிந்த கரங்கள் இன்று மாலையோடு நின்றன.

இது எந்த நாட்டிலும் உள்ளதுதான். ரசிகன் ஏசுவான், பிறகு போற்றுவான். அதில் குற்றம் காண நான் வரவில்லை. அதே நாட்டில், அதே பதவிக்கு வந்த வேறொருவரை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்பதையே இந்த ஞாயிறன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அந்த ஆட்டத்தைச் சற்றே சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்து. கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பின்னால் வருவோனுக்கே தர வேண்டும். எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் ஐந்து புள்ளி. ஆட்டம் இவ்வளவுதான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் அது ஆட்டமாக மட்டும் இருந்ததில்லை. நிறவெறி ஆட்சிக்கு அது கொடியாக இருந்தது, கோயிலாக இருந்தது. ஸ்பிரிங்பாக் என்னும் அந்தத் தேசிய அணியில் 1981 வரை வெள்ளையரல்லாத ஒருவருக்கும் இடமில்லை. அவ்வாண்டுதான் எரோல் டோபையாஸ் முதன்முதலாக நுழைந்தார். அரங்கிலே கறுப்பருக்குத் தனிப் பட்டி. அந்தப் பட்டியில் நின்றவர்கள் தம் நாட்டு அணியைப் பார்த்து என்ன செய்தார்கள் தெரியுமா? எதிரணிக்குக் கைதட்டினார்கள்! சொந்த நாட்டின் தோல்வியைக் கொண்டாட ஒரு மக்கள்கூட்டம் காத்திருந்தது என்றால், அந்த நாட்டை ஆண்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நான் விளக்கவா வேண்டும்?

உலகம் வாளாவிருக்கவில்லை. டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி, நாடு கடந்து லண்டனில் இருந்தபடி, விளையாட்டுத் தீண்டாமைக்கு எதிராக நாடு நாடாகக் கதவைத் தட்டினார். 1981இல் ஸ்பிரிங்பாக் அணி நியூசிலாந்துக்குச் சென்றபோது, ஜூலை 25ஆம் நாள் ஹாமில்டன் நகரில் மக்கள் வேலியைச் சாய்த்துத் திடலுக்குள் புகுந்து நின்றனர்; ஆட்டம் நடக்கவே இல்லை. விடுதலை வந்தது. 1995இல் உலகக் கோப்பை வந்தது. ஆறாம் எண் சட்டையணிந்து மண்டேலா கோப்பையை வழங்கிய காட்சியை உலகமே கண்டு கண்ணீர் உகுத்தது. நானும் நெகிழ்ந்தேன். ஆனால் அந்த அணியில் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரைத் தவிர எல்லோரும் வெள்ளையர் என்பதைச் சொல்லாமல் அந்தக் கதையை முடிப்பவர்கள்மீது எனக்குச் சிறிது ஐயம் உண்டு.

இனிப் பயிற்சியாளர் கதைக்கு வருவோம். 2008 ஜனவரியில் பீட்டர் டி வில்லியர்ஸ் நியமிக்கப்பட்டார். வெள்ளையரல்லாத முதல் பயிற்சியாளர். 2005இல் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு உலகப் பட்டம் பெற்றுத் தந்தவர். போட்டியிலிருந்த ஹைனெக்கே மேயரும் சிறியவரல்லர். 2007இல் தம் புல்ஸ் அணியைச் சூப்பர் 14 பட்டத்துக்கு இட்டுச் சென்றவர். இருவரில் யாரைத் தேர்ந்திருந்தாலும் ஏற்கத்தக்கதே. ஆனால் அன்று ரக்பி ஒன்றியத்தின் தலைவர் ஆரிகன் ஹாஸ்கின்ஸ் வாய்திறந்தார்: இந்த நியமனத்தில் ரக்பிக் காரணங்கள் மட்டுமே கருதப்படவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்!

உண்மை பேசினார் என்று அவரைப் பாராட்டியோர் உண்டு. நான் பாராட்ட மாட்டேன். அரசு கட்ட வேண்டிய வரலாற்றுக் கடனை, ஒரு தனிமனிதன் பெயரில் எழுதி, அவன் பதவியேற்கும் நாளிலேயே அவன் காலில் கல்லாகக் கட்டிவிட்டார் என்பேன். அதற்கு முன் நூறாண்டு நடந்த நியமனங்களில் ரக்பிக் காரணம் மட்டுமா இருந்தது? தோலின் நிறம் முதல் தகுதியாக இருந்ததே, அதை எந்தத் தலைவர் எந்த ஒலிபெருக்கி முன் அறிவித்தார்?

'தகுதி', 'திறமை' என்ற சொற்கள் எந்த வாயிலிருந்து, எந்த வேளையில் வரும் என்பதை அறியாதவர்களா நீங்கள்!

டி வில்லியர்ஸ் என்ன செய்தார்? அவ்வாண்டே நியூசிலாந்தின் டனீடின் நகரில் நியூசிலாந்தை 30–28 என்று வென்றார். 2009இல் பிரிட்டிஷ்–ஐரிஷ் லயன்ஸ் அணியை 2–1 என்று தொடரில் வீழ்த்தினார். முந்நாட்டுக் கோப்பையைக் கைப்பற்றினார். நியூசிலாந்தை ஒரே பருவத்தில் மும்முறை வென்றார். அப்போது ரசிகர் என்ன சொன்னார்கள்? "அணியை நடத்துவது அவரல்லர், ஜான் ஸ்மிட், விக்டர் மேட்ஃபீல்ட் போன்ற மூத்த வீரர்களே!" என்றார்கள். 2010 வந்தது, முந்நாட்டுப் போட்டியில் ஆறில் ஒன்றே வெற்றி. அணியில் அதே மூத்த வீரர்கள்தாம் இருந்தனர். தோல்வியை அவர்கள் கணக்கில் எழுதினார்களா? இல்லை! "பயிற்சியாளருக்கு ஆட்டம் தெரியாது" என்றார்கள். என்னே கணக்கு! வரவெல்லாம் ஒருவர் பெயரில், செலவெல்லாம் மற்றொருவர் தலையில்.

அவரது ஆங்கிலத்தை எள்ளினார்கள். உவமைகளை நையாண்டி செய்தார்கள். அவரும் பிழையே செய்யாதவரல்லர். 2009இல் லயன்ஸ் ஆட்டத்தில் ஷால்க் பர்கர் எதிராளியின் கண்ணில் விரல் வைத்த குற்றத்துக்கு எட்டு வாரத் தடை பெற்றபோது, அதைக் கண்டிக்காமல் வாதாடியது தவறு, பெருந்தவறு. ஆனால் தவறுக்குத் தண்டனை உண்டு. பிறப்புக்கு எதற்குத் தண்டனை?

எண்களைப் பாருங்கள். டி வில்லியர்ஸ் 48 ஆட்டம், 30 வெற்றி. அவருக்குப் பின் வந்த மேயர் 48 ஆட்டம், 32 வெற்றி. வேறுபாடு இரண்டே ஆட்டம்! நியூசிலாந்தோடு மட்டும் பார்த்தால், டி வில்லியர்ஸ் 11 ஆட்டத்தில் 5 வென்றார். மேயர் 8 ஆட்டத்தில் ஒன்றே வென்றார். 2015 உலகக் கோப்பையில் மேயரின் அணி ஜப்பானிடம் 32–34 என்று தோற்றது. உலகமே மூக்கில் விரல் வைத்த தோல்வி அது. மேயரையும் வைதார்கள், அவரும் பதவி விலகினார். ஆயினும், 'வெள்ளையர் என்பதால் தோற்றார்' என்று சொன்னாரை நான் கண்டதில்லை.

இங்கே நம் பக்கத்தாருக்கும் ஒரு சொல். 2016இல் அலிஸ்டர் குட்சே வந்தார், வெள்ளையரல்லாத இரண்டாமவர். 25 ஆட்டம், 11 வெற்றி, 2 சமன், 12 தோல்வி. இத்தாலியிடம் முதன்முறையாகத் தோல்வி. 2017இல் நியூசிலாந்திடம் 0–57! ஏப்ரலில் நியமித்து ஜூனில் ஆடச் சொன்னார்கள் என்பது உண்மை. ஒன்றியம் தம்மைப் பெயரளவுப் பயிற்சியாளராக்கியது என்று அவர் குறைகூறி எழுதினார்; அதிலும் பொருள் இருக்கலாம். ஆனால் அந்தத் தோல்விகளைச் சுட்டியவரையெல்லாம் 'நிறவெறியர்' என்று ஏசிய நண்பர்கள் செய்ததை நான் ஏற்கவில்லை. 57–0 என்பது 57–0தான், அதற்கு நிறமில்லை. 2018 பிப்ரவரியில் அவர் விலக்கப்பட்டது முறையே. நம்மவர் என்பதற்காகத் தராசைச் சாய்ப்போமானால், எதிரி நூறாண்டு சாய்த்து வைத்திருந்த தராசைப் பற்றிப் பேச நமக்கு என்ன வாய் இருக்கிறது? குட்சேயைக் குறைசொல்லலாம், கடுமையாகவே சொல்லலாம். அதே மூச்சில் "இதனால்தான் ஒதுக்கீடே கூடாது" என்று முடிப்பவனிடம்தான் நமக்கு வழக்கு.

அந்த முடிப்புக்குத் திடலிலேயே விடை கிடைத்தது. 2018இல் எராஸ்மஸ் பயிற்சியில் சியா கொலிசி தலைவரானார். டெஸ்ட் ஆட்டத்தில் அணிக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பர். 'ஒதுக்கீட்டுத் தலைவர்' என்ற முணுமுணுப்பு எழாமல் இல்லை. 2007இல் உலகக் கோப்பை இறுதியாட்டத்தைத் தொடங்கிய பதினைவரில் வெள்ளையரல்லாதார் இருவர், 2019இல் அறுவர். பலவீனப்பட்டதா அணி? இங்கிலாந்தை 32–12 என்று நொறுக்கிற்று! 1995இலும் 2007இலும் இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கர் ஒருமுறைகூட எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைப் பதிக்கவில்லை. உதைத்து எடுத்த புள்ளிகளால் வென்றனர். இறுதியாட்டத்தில் அந்நாட்டுக்காக முதன்முதலில் பந்தைப் பதித்தவர் மக்கசோலே மப்பிம்பி. அடுத்தவர் செஸ்லின் கொல்பே. 2023இல் நியூசிலாந்தை 12–11 என்று வென்று மீண்டும் கோப்பை. தலைவர் அதே கொலிசி.

இன்று எல்லிஸ் பார்க்கில் அணி தோற்றால், அன்று பட்டியில் நின்று எதிரணிக்குக் கைதட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பயிற்சியாளரைத் திட்டுகிறார்கள், கோசா மொழியிலும் சூலு மொழியிலும். 'நம் அணி தோற்றதே' என்ற கோபம் அது. 'நம்' என்ற அந்தச் சொல்லுக்காக எத்தனை பேர் ராபன் தீவில் கல்லுடைத்தார்கள்!

குட்சேக்குப் பிறகு 2025 வரை அப்பதவியில் இருந்தவர்கள் எராஸ்மஸ், நீனாபர் என்ற இருவர். இருவரும் வெள்ளையர், இருவரும் வென்றவர்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் அப்பதவியில் அதுவரை அமர்ந்ததில்லை. 2018 முதல் முஸ்வாண்டிலே ஸ்டிக் துணைப் பயிற்சியாளராக உழைத்து வருகிறார். அவரோ, அவரைப் போன்ற வேறொருவரோ அழைக்கப்படும் நாளில், ஒன்றியத் தலைவர் ஒலிபெருக்கி முன் நின்று என்ன காரணம் சொல்வார் என்பதைக் கேட்கவே நான் காத்திருக்கிறேன்.