கருவி என்றால் ஸ்பானர் மட்டுமல்ல!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வந்து யாரிடமாவது ‘கருவி’ என்று சொல்லிப் பாருங்கள். ஸ்பானரை எடுத்து நீட்டுவார்கள். ஆசாமி டிப்ளமா படித்தவராக இருந்தால், ‘‘அளக்கிற கருவிங்களா ஸார்?’’ என்று வெர்னியர் காலிப்பரை நீட்டுவார். தமிழில் இது ஒரு சௌகரியம். போல்ட்டை முடுக்குவதும் கருவி, மோகனம் வாசிப்பதும் கருவி. இரண்டிலும் கை பழக வேண்டும் என்பதால் பெரியவர்கள் ஒரே பெயர் வைத்துவிட்டார்களோ என்னவோ!

அடியேன் பி.காம். இந்த ஊரில் சில சின்னக் கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் இப்படி எழுதி உங்களைப் படுத்துகிறவன். சங்கீதத்தில் எனக்குள்ள ஒரே தகுதி, என் ரூம்மேட். தஞ்சாவூர் ஜில்லாக்காரன், இருபத்தி நாலு வயது. இங்கே ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை. அப்பா தவில்காரர், தாத்தாவும் தவில்காரர். இவன் மட்டும் தகரத்துக்கு வந்துவிட்டான். அவனுக்கு நைட் ஷிப்ட் இல்லாத நாட்களில் எனக்கு நடந்த பாடத்தைத்தான் உங்களுக்கு வட்டியில்லாமல் தருகிறேன்.

முதல் பாடம், வகை. நம் பெரியவர்கள் இசைக்கருவிகளை ஐந்து ‘ஹெட் ஆஃப் அக்கவுண்ட்’டாகப் பிரித்திருக்கிறார்கள். தோல் போர்த்தியது தோற்கருவி: மிருதங்கம், தவில், பறை, உறுமி. துளை போட்டு ஊதுவது துளைக்கருவி: புல்லாங்குழல், நாகஸ்வரம். நரம்போ கம்பியோ கட்டியது நரம்புக்கருவி: யாழ், வீணை. தட்டினால் ‘ணங்’ என்கிற வெண்கல ஐட்டங்கள் கஞ்சக்கருவி: தாளம், ஜால்ரா. (ஆபீஸில் மேனேஜர் பின்னால் அடிக்கப்படுவதும் இந்த வகையே.) ஐந்தாவது மிடற்றுக்கருவி, அதாவது தொண்டை. மெயின்டனன்ஸ் செலவு மிளகும் பனங்கல்கண்டும்தான்.

இதில் தோற்கருவி டிபார்ட்மெண்ட் மட்டும் தனி சாம்ராஜ்யம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் என்று வரிசையாகப் பட்டியல் போட்டுவிட்டு, அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாள்முழவு, காலைமுழவு என்று ஏழு ரேக் வைத்து அடுக்குகிறார். நம் ஊர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்கள் அவர் படத்தை மாட்டி ஊதுபத்தி ஏற்றலாம்!

வடமொழியில் நாட்டிய சாஸ்திரம் நாலாகப் பிரித்தது: தந்தி, துளை, தோல், கனம். இந்த நாலு பிரிவு கப்பலேறின கதை சுவாரசியமானது. கல்கத்தாவில் சௌரீந்திர மோகன் தாகூர் என்று ஒரு சங்கீதப் பித்தர் இருந்தார். பெல்ஜியம் ராஜாவுக்கு இந்திய வாத்தியங்களைப் பரிசாக அனுப்பி வைத்தார். பிரஸ்ஸல்ஸ் இசைக்கல்லூரி மியூசியத்தில் இருந்த விக்டர் மாஹியோன் என்பவர், தன் கேட்லாக்கை 1880-ல் இதே நாலு பிரிவு பாணியில் போட்டார். அதைப் பிடித்துக்கொண்டு ஹார்ன்போஸ்டல், ஸாக்ஸ் என்ற இருவர், 1914-ல் உலகத்து வாத்தியங்களுக்கெல்லாம் நம்பர் கொடுத்துவிட்டார்கள். தானே ஒலிப்பது 1, தோல் 2, தந்தி 3, காற்று 4. கரண்டில் ஓடும் கீ-போர்டு வகையறாவுக்கு ஸாக்ஸ் 1940-ல் ஐந்தாவது பிரிவையும் சேர்த்தார்.

‘‘அப்போ மிருதங்கத்துக்கும் பார்ட் நம்பர் உண்டாண்ணே?’’ என்றான் ரூம்மேட்.

உண்டு தம்பி. 211.2 என்று ஆரம்பிக்கும். நாகஸ்வரத்துக்கு 422.1-ல் தொடங்கும். இரட்டை நாக்கு வைத்து ஊதும் குழல் என்று அர்த்தம். (இரட்டை நாக்கு மனிதர்களுக்கு அவர்கள் நம்பர் கொடுக்கவில்லை. தாளாது.)

கணக்கு படித்தவனுக்கு ஒரு சந்தேகம் வரும். கடம் எதில் சேர்த்தி? தோல் இல்லை, துளை போட்டு ஊதவில்லை, தந்தி இல்லை, வெண்கலமும் இல்லை. வெறும் மண். எங்கள் பாஷையில் டாலியாகாத தொகையை ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’டில் போடுவோம். வெள்ளைக்காரர் மூளைக்காரர், ‘தானே ஒலிப்பது’ என்ற ஒண்ணாம் நம்பரில் தள்ளிவிட்டார். ஆனால் மானாமதுரை வேளார்களுக்கு அந்த மண் சஸ்பென்ஸ் இல்லை, சாப்பாடு. சாதாரணப் பானையைவிடக் கனமாக, தட்டித் தட்டி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பேசும்படி சுட்டு எடுக்கிறார்கள். அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-லேயே கிடைத்துவிட்டது. பலா மரம், மெழுகுக் கலவை மேல் பதித்த 24 மெட்டு, வாசிக்க நாலு தந்தி, தாளத்துக்கு மூன்று. அசெம்பிளி லைனில் வராத ஐட்டம்.

நாகஸ்வரத்துக்கு வருகிறேன். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். அதுவும் புது மரம் கூடாது, பழைய வீட்டு உத்தரம், தூண் என்று வருஷக்கணக்கில் காய்ந்த மரம். பச்சை மரம் பின்னால் விரிசல் விட்டு மானத்தை வாங்கிவிடும். குழலுக்குப் பெயர் உலவு, கீழே விரிவது அணசு, மேலே வாயில் வைப்பது சீவாளி. விரல் வைக்க ஏழு துளை. அதற்குக் கீழே இன்னும் ஐந்து துளை. ‘அது எதுக்கு, மாடல் இயர் மாறினதாலா?’ என்று கேட்காதீர்கள். மெழுகு வைத்து அடைத்துச் சுருதியைச் சரிசெய்ய. நாணல் தட்டையில் செய்த சீவாளியோ பெண் பார்க்கப் போன இடத்துக் காப்பி மாதிரி, ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. அதனால்தான் வித்வான்கள் நாலைந்து ஸ்பேர் சீவாளியை வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிடுகிறார்கள். முன்பு சின்னதாக, கீச்சென்று உச்ச சுருதியில் ஒலிக்கும் ‘திமிரி’தான் ராஜா. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) சுருதியை இறக்கி, நீளமான ‘பாரி’க்குப் போனார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காக அதைச் செய்து கொடுத்தார். வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டு டிசைன் மாற்றுவதை இப்போது ‘கஸ்டமர் ஃபீட்பேக்’ என்று ஏஸி ரூமில் உட்கார்ந்து மூன்று நாள் டிரெயினிங் கொடுக்கிறார்கள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு.

வெளிநாட்டுக் கொலாபரேஷன் நம் பேட்டைக்கு ஹூண்டாய் வந்த 1998-க்கு அப்புறம்தான் என்று நினைக்காதீர்கள். சங்கீதத்தில் அது இருநூறு வருஷத்துச் சமாசாரம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது, ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். வெள்ளைக்காரன் நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்ததை, நாம் சம்மணம் போட்டு, தலையைக் கணுக்கால் பக்கம் சாய்த்து, தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றி, முழுக்க ‘லோக்கலைஸ்’ பண்ணிவிட்டோம். எல்லாருக்கும் அந்த யோகம் இல்லை. ஆர்மோனியத்துக்கு 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ கதவைச் சாத்தியது. கமகம் வராது என்று குற்றச்சாட்டு. மறுபடி திறக்க 1971 ஆயிற்று. மூன்று கட்டைக்கு முப்பத்தோரு வருஷ சஸ்பென்ஷன்!

நம் ஊரே ஒரு வாத்தியத்தை உலகம் பூரா ஏற்றுமதி செய்தது தெரியுமா? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையைச் சொல்கிறேன். 2006-ல் உற்பத்தி தொடங்கி 2014-ல் மூடப்பட்டது. அந்தப் போன்கள் பாடிய ‘டிரிங் டிரிங்’ டியூன் இருக்கிறதே, அது ஃபிரான்சிஸ்கோ தாரேகா என்ற ஸ்பெயின் கிடார் மேதை 1902-ல் அமைத்த ஒரு வால்ட்ஸின் துண்டு. மூன்றாம் நம்பர் தந்திக்கருவியில் பிறந்து, ஐந்தாம் நம்பர் கரண்ட் கருவியாக நம் பெண்பிள்ளைகளின் கைவழியே பாக்கிங் ஆகிப் போயிற்று. ராத்திரி பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி போன அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குத் தாரேகாவைத் தெரிந்திருக்கும்? தாரேகாவுக்கும் சுங்குவார்சத்திரம் தெரியாது, சரிக்குச் சரி.

(ஒரகடத்தில் பிறக்கும் புல்லட் எந்த வகை என்று இளவட்டங்கள் கேட்கலாம். காற்று குழாய் வழியே வந்து சத்தம் போடுவதால் சந்தேகமில்லாமல் துளைக்கருவி. சைலன்ஸரைக் கழற்றி வாசிப்பவர்களுக்குப் போலீஸார் பக்க வாத்தியம்.)

இனி ரூம்மேட் விஷயம். தவிலில் ஒரு பக்கம் வலந்தலை, மறு பக்கம் தொப்பி. தொப்பியைக் குச்சியால் அடிக்க வேண்டும். வலந்தலையை வெறும் விரலால் அடித்தால் விரல் கந்தல். மாவுப்பசையும் துணியும் சுற்றி இறுக்கிய ‘கூடு’களை விரல் விரலாக மாட்டிக்கொள்ள வேண்டும். ஆக, தவில்காரன் சொத்து இரண்டு: விரல், காது. பிரஸ் ஷாப்பில் தினமும் பணயம் வைப்பதும் அதே இரண்டு!

அவன் ஓட்டும் மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே போகாமலிருக்க அந்த ஏற்பாடு. டார்கெட் அவசரத்தில் ஒரு பட்டனில் கல்லை வைத்துவிட்டு ஒற்றைக் கையால் வேலை பார்க்கிற வீரர்கள் எங்கும் உண்டு. இவன் மாட்டேன் என்று விட்டான். காதில் பிளக்கும் வைத்துக்கொள்வான். ‘‘என்னடா, தாலாட்டு கேக்குதா?’’ என்று லைனில் கிண்டல். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதியின் எல்லை. அதற்கு மேல் போனால் உள்காதில் இருக்கும் மெல்லிய மயிர்ச்செல்கள் சாகும். செத்தது திரும்ப முளைக்காது. தலைமயிருக்காவது எண்ணெய் விளம்பரம் உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

போன மாதம் அப்பாவிடமிருந்து தாக்கீது. ‘‘ரெண்டாம் தவில் இல்லாம எத்தன நாளு சமாளிக்கிறது? தைக்குள்ள வரியா, இல்ல வேற பையனப் போட்டுக்கவா?’’

என்னிடம் கேட்டான். நான் பி.காம். பேப்பரை எடுத்துக் கோடு போட்டேன். இந்தப் பக்கம் மாதச் சம்பளம், பி.எஃப்., கான்டீன் சாப்பாடு, ஓவர்டைம். அந்தப் பக்கம் முகூர்த்தம். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, புரட்டாசியில் பாதிப் பேர் வைக்கமாட்டார்கள். கோயில் வரும்படியும் இப்போது ஆட்டம். பல சின்னக் கோயில்களில் மோட்டார் மேளம் வந்தாயிற்று. சுவிட்சைப் போட்டால் குச்சி முரசை அடிக்கும், மணி அடிக்கும், தாளம் அடிக்கும். லீவு கேட்காது, வெற்றிலை பாக்கு கேட்காது. கல்யாணியும் வாசிக்காது, அது வேறு விஷயம். கூட்டிப் பார்த்தால் கம்பெனிப் பக்கமே லாபம்.

அவன் பேப்பரைப் பார்த்துவிட்டு, ‘‘சரிதாண்ணே. ஆனா பிரஸ்ஸுல பத்து வருஷம் நின்னா பிரஸ்ஸுதான் தெரியும். அதயும் நாளைக்கு ரோபோ பாத்துக்கும். தவில பத்து வருஷம் வுட்டா, தாத்தா சொல்லிக் குடுத்தது போயிடும். அது எந்தப் பக்கம் எழுதுவீங்க?’’ என்றான்.

தேய்மானம் என்று எழுதலாம். ஆனால் தேய்மானம், உபயோகித்தால் வருவது. இது உபயோகிக்காவிட்டால் வருவது. எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்குக் காலம் இல்லை. அந்த வரியைக் காலியாக விட்டுப் பேப்பரை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக் குச்சியால் சாதகம் நடக்கிறது. ஹவுஸ் ஓனர் மாமி முதல் வாரம், ‘‘மேல யாருப்பா, கார்ப்பென்டர் வேலையா?’’ என்று ஏறி வந்தார். இரண்டாம் வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் ஒரு டம்ளர் காப்பி வந்தது. தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சித்திரைத் திருவாதிரைக்கு ராமானுஜர் உற்சவம், இங்கே ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலில் நின்று மேளம் கேட்டுவிட்டு வந்ததிலிருந்தே அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை என்பது என் ஆடிட் ரிப்போர்ட்.

நீங்கள் ஏதாவது வாத்தியம் கற்க ஆசைப்பட்டால், காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு. வயது 12-லிருந்து 25-க்குள் இருக்க வேண்டும். நாகஸ்வரம், தவிலுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். வயது தாண்டிய என் போன்றோருக்கு, கேட்கிற வேலை இருக்கவே இருக்கிறது. அதற்கும் காது வேண்டும், ஸார். பிளக்கை வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். கொஞ்ச வருஷம் போனால் நீங்கள் கூப்பிடுவது அவன் காதில் விழாது.

தினம் ராத்திரி ஊரிலிருந்து போன் வருகிறது. தை மாசப் பேச்சை அப்பா எடுப்பதில்லை. சாப்பிட்டாயா என்றுகூட அப்புறம்தான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:

‘‘விரல் பத்தும் இருக்காடா?’’