வெறுங்கையும் வீறாப்பும்

"சின்னத் தொகைதானே, துணிந்து ஒரு பிளஃப் அடித்தால் என்ன?" போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் ஈடுபடுவோர் நாவில் அடிக்கடி எழும் வினா இது. கையில் ஒன்றும் இல்லாதபோது பெருஞ்சீட்டு வைத்திருப்பவர்போல் பணம் கட்டி, எதிராளியைச் சீட்டைக் கவிழ்த்து விலகச் செய்வதே பிளஃப். தொகை சிறிதாயின் துணிவு பெரிதாகலாம் என்பது இவர்கள் வாதம். நாம் இதை மறுக்கிறோம். தொகை சிறிதாயிருப்பதே பிளஃபைக் குறைத்துக்கொள்வதற்குத் தலையாய காரணம் என்கிறோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சில ஆண்டுகள் நாம் பங்குப்பணி ஆற்றியதுண்டு. அங்கே இல்லங்களில் ஞாயிறு மாலைகளில் சில்லறைக் காசுக்குப் போக்கர் ஆடுவர். ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரு சீட்டுகள். மேசைமீது அனைவருக்கும் பொதுவாக ஐந்து. ஒரு மாலை, நடுவில் 6 டாலர் சேர்ந்திருந்தது. இளைஞர் ஒருவர் வெறுங்கையோடு 3 டாலர் கட்டினார். எதிரே இருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவரிடம் இருந்தவை இரண்டு எட்டுகள் மட்டுமே. எனினும் 3 டாலரை ஈடாக வைத்துச் சீட்டைக் காட்டச் சொன்னார், வென்றார். இளைஞருக்குச் சினம் பொங்கியது. "இரண்டு எட்டை நம்பி யாராவது பார்ப்பார்களா? ஆடத் தெரியாதவரோடு ஆடுவது வீண்" என்றார். முதியவர் சிரித்தார்: "மூன்று டாலர்தானே! நீ என்ன வைத்திருக்கிறாய் என்று பார்க்க ஆசை."

அன்பர்களே, அந்தத் 'தானே'யில் நம் வாதம் முழுவதும் அடங்கிவிடுகிறது. கட்டுபவருக்கு எது 'தானே' ஆகிறதோ, அது பார்ப்பவருக்கும் 'தானே' ஆகிறது. இழப்புக்கு அஞ்சுபவரையே பிளஃப் விலகச் செய்யும். அஞ்சுவதற்கு ஒன்றுமில்லாத மேசையில் அது எவரை விலக்கும்?

ஓர் ஐயத்தை இங்கேயே அகற்றிவிடுவோம். பிளஃப் என்பதைப் புளுகு என்றே கொள்வோர் உளர். ஓசை ஒத்து வருகிறது; பொருள் ஒத்து வரவில்லை. பொய்யைப் பற்றித் தனி நூல் எழுதிய புனித அகுஸ்தீனார், கேட்போரை ஏமாற்றும் நோக்கமில்லாத வேடிக்கைப் பேச்சைத் தொடக்கத்திலேயே பொய்யினின்று விலக்கி வைத்தார். போக்கரில் எதிராளி ஏமாறவேண்டும் என்ற நோக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட்டும் பணம் கையின் வலிமைக்கு உறுதிமொழி அன்று என்பதை அமர்ந்திருக்கும் அனைவரும் அறிந்தே அமர்கின்றனர். 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் சீட்டாட்டத்தையும் பந்தயத்தையும் அவற்றின் இயல்பிலேயே நீதிக்கு மாறானவை என்று கூறவில்லை. ஒருவரின் வாழ்வுக்கும் அவரைச் சார்ந்தோரின் வாழ்வுக்கும் தேவையானதைப் பறிக்கும்போதே அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன. ஆகவே நாம் சாடுவது பிளஃபை அன்று; சிந்தனையற்ற பிளஃபை.

கணக்கைப் பார்ப்போம். 6 டாலரைப் பெற 3 டாலர் கட்டுபவர், மூன்று முறைக்கு ஒரு முறையாவது எதிராளியை விலகச் செய்தால்தான் முதலுக்கு மோசமில்லை. எதிரே ஒருவர் மட்டுமே இருந்தால் இது இயலக்கூடும். மூவர் இருந்தால்? ஒவ்வொருவரும் மூன்று முறைக்கு இரு முறை கவிழ்க்கும் இயல்பினர் என்றே கொள்வோம். மூவரும் ஒருங்கே கவிழ்ப்பது 27 முறைக்கு 8 முறையே, தேவையோ 9. அஞ்சுகிற மூவரிடமே இந்நிலை எனில், ஆவலோடு பார்க்கத் துடிக்கும் மூவரிடம் என்னவாகும்?

"2003-இல் லாஸ் வேகாஸில் கிறிஸ் மணிமேக்கர் அடித்த பிளஃபை மறந்தீரோ?" என்பர். மறக்கவில்லை. உலகப் போக்கர் போட்டியின் இறுதியில் வெறும் ராஜா ஒன்றை வைத்துக்கொண்டு தம்மிடமிருந்த அனைத்தையும் அவர் முன்தள்ளினார். சாம் ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. நெடுநேரம் சிந்தித்துக் கவிழ்த்தார். முதற்பரிசோ 25 இலட்சம் டாலர். ஃபார்ஹாவுக்கு இழக்கப் பெரிதும் இருந்தது. கவிழ்க்கும் தேர்ச்சியும் இருந்தது. அவ்விரண்டும் அந்த ஞாயிறு மேசையில் எங்கே இருந்தன?

இன்னும் சிலர் கணித மேதை வான் நாய்மனைத் துணைக்கு அழைப்பர். அவரும் மார்கென்ஸ்டர்னும் 1944-இல் வெளியிட்ட நூல், போக்கரைத் திறம்பட ஆடுவதில் பிளஃபுக்கும் இடமுண்டு எனக் காட்டியது உண்மை. ஆனால் அக்கணிதம் பிழையின்றி ஆடும் எதிராளியைக் கருதியது. எப்போதும் ஈடு வைத்துப் பார்ப்பவரிடம் பிளஃப் அடிப்பது நட்டமே என்பதும் அதே கணிதம் தரும் விடைதான். அவரிடம் நல்ல சீட்டு வரும்போது தயங்காமல் கட்டுவதே வழி.

அப்படியாயின் சிறு தொகை ஆட்டத்தில் பிளஃபுக்கு இடமே இல்லையா? உண்டு. எதிரே ஒருவரே எஞ்சி, அவர் முன்பு கவிழ்த்ததை நாம் கண்டிருந்தால், அடிக்கலாம். முதற்சுற்றிலிருந்து நாம் கட்டிய முறைக்கும் மேசையில் விழுந்த சீட்டுகளுக்கும் இயைபு இருந்தால், அடிக்கலாம். பிடிபட்டாலும் கை மேம்பட வழியிருந்தால், இன்னும் நன்று. ஒரே இனத்தில் நான்கு சேர்ந்து, ஒரு சீட்டு மட்டும் விழவேண்டியிருக்கும்போது, நாம் காணாத 46-இல் 9 நமக்கு உதவும். ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. இவை ஒன்றுமில்லாதபோது, சலிப்பினாலோ முன் இழந்ததை மீட்கும் வேகத்தாலோ அடிப்பது துணிவன்று, வீறாப்பு.

நம்மை வருத்தியது அந்த 3 டாலர் அன்று, பின்வந்த ஏளனம். அந்த முதியவர் மாலை முழுவதும் எல்லாரிடமும் ஈடு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிரே அமர்ந்த இளைஞர் அவரை ஒருமுறையேனும் கவனித்ததில்லை. கவனியாத தம் குற்றத்தை, ஆடத் தெரியாதவர் என்று அவர் தலையில் சுமத்தினார். நம் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் இதே தீர்ப்பை நாம் வழங்குவதில்லையா?

பதினாயிரம் பேரோடு இருபதாயிரம் பேரை எதிர்கொள்ள இயலுமா என அமர்ந்து எண்ணிப் பார்க்கும் அரசனை ஆண்டவர் உவமையில் காட்டினார். இயலாதெனில் அவன் தூது அனுப்பிச் சமாதானம் தேடுகிறான். அவனைக் கோழை என்று எவரும் சொல்வதில்லை. சீட்டைக் கவிழ்ப்பதும் அத்தகையதே. எதிரே இருப்பவரை முதலில் பாருங்கள். பின்னர் பணத்தைக் கட்டுங்கள்.