அது பிளாஸ்டிக் அரிசியும் அல்ல, மரபணு மாற்று அரிசியும் அல்ல

ரேஷன் அரிசியில் சற்று நிறம் மாறிய மணிகளைக் கண்டதும் ‘பிளாஸ்டிக்’, ‘மரபணு மாற்று அரிசி’ என்று பொறுக்கி எறிபவர்கள் உண்டு. அங்கன்வாடிப் பணியாளருக்கும் இதே சந்தேகம் வந்தால், இழப்பு குழந்தைகளுக்குத்தான்.

அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து உலர்த்திய மணிகள் அவை. 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்பதே கலப்பு அளவு. பொறுக்கி எறிந்தால், சேர்த்த சத்தும் போய்விடும்.

மரபணு மாற்றுப் பயிர் என்பது வேறு. அதில் மாற்றம் விதையிலேயே நடக்கிறது. இந்தியாவில் 2002 முதல் வணிகச் சாகுபடியில் இருப்பது பிடி பருத்தி மட்டுமே. பிடி கத்தரி 2010-ல் நிறுத்திவைக்கப்பட்டது.

செறிவூட்டிய அரிசி குறித்தும் நியாயமான கேள்விகள் உண்டு. பயறு, கீரை, முட்டைக்கு அது ஈடாகாது. தலசீமியா உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுக் கொடுப்பது நல்லது. பெயர்களைக் குழப்பிக்கொண்டால் இந்தக் கேள்விகள் காணாமல் போகும்.

விரிவாக்கப் பணியாளர்களே, அடுத்த முறை அங்கன்வாடிக்குச் செல்லும்போது இரண்டு வகை மணிகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். விவசாயிகளே, உங்கள் வரப்பு முருங்கைக்கீரையில் ஒரு பங்கை அந்தச் சமையலறைக்கும் கொடுங்கள்.