எந்த ஊர்க் காசு?

கோவையில் ஒரு நாணயக் கண்காட்சி. கண்ணாடித் தட்டில் பதினைந்து இருபது ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. ஒன்றைக் கையில் வாங்கி, "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. நான் எதற்காகக் கேட்கிறேன் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. "எங்க கிடைச்சா என்னங்க? ராசா பேரு காசுலயே இருக்குது. வெள்ளியும் சுத்தமான வெள்ளி. அப்புறம் என்னங்க வேணும்?" என்றார்.

அவர் ஒருவரைச் சொல்லிப் பயனில்லை. ரோமானியக் காசை வாங்கி விற்கும் உலகம், கோவைக் கடைத்தட்டிலிருந்து லண்டன் ஏலக்கூடம் வரை, இதையே வெவ்வேறு சொற்களில் சொல்கிறது. காசு தன் வரலாற்றைத் தானே சுமந்துகொண்டு வருகிறது, கிடைத்த இடம் தெரியாததால் ஒன்றும் குறையவில்லை என்பது அதன் சாரம். படித்தவர்களும் இதை நம்புவதால் விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

காசு பேசும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் இலைமாலை சூடிய தலை. பின்பக்கம் அவர் தத்தெடுத்த பேரப்பிள்ளைகள் கையஸும் லூசியஸும் கேடயமும் ஈட்டியுமாக நிற்கிறார்கள். இது இன்றைய பிரான்சின் லியோன் நகரில் இருந்த அக்கசாலையில், கி.மு. 2 தொடங்கி அடித்த வகை. இவ்வளவையும் காசைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் இது பிறந்த கதை மட்டுமே. அந்தக் காசு யார் கைக்குப் போனது, எதற்கு விலையானது, எந்த ஊரில் மண்ணுக்குள் போனது என்பதெல்லாம் அதன் முகத்தில் இல்லை. அதைச் சொல்லக்கூடியது அது கிடந்த மண்ணும், கூடக் கிடந்த காசுகளும்தான்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. இதே கையஸ், லூசியஸ் காசும், அடுத்து வந்த டைபீரியஸின் ஒரு வகையும் தென்னிந்தியப் புதையல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. கோவைப் பகுதியின் பூதிநத்தம் புதையலில் இவை ஆயிரத்துக்கும் மேல். பழைய நல்கொண்டா மாவட்டத்து அக்கன்பள்ளிப் புதையலில் 1,500க்கும் மேற்பட்ட தெனாரியஸ்கள். அதே நூற்றாண்டில் ரோமானியப் பேரரசுக்குள்ளேயே புதைத்தவற்றைப் பார்த்தால் படம் வேறு. அங்கே குடியரசுக் காலத்துப் பழங்காசுகள் ஏராளமாகக் கலந்திருக்கின்றன. நம் பக்கம் வந்தவற்றில் இந்த இரண்டு வகைகளே ஓங்கி நிற்கின்றன. கி.பி. 64இல் நீரோ காசின் எடையைக் குறைத்தார். ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தார்கள். அந்த எடை குறைந்த காசுகள் இங்கே அரிது. மேலைக் கடலில் வந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியே கொடுமணல், கரூர்ப் பக்கம் நடந்த வணிகத்தில் கண்ணை மூடிக்கொண்டு காசு கைமாறவில்லை, பார்த்துத் தெரிந்தெடுத்த காசு கைமாறியது என்று நாம் பேச முடிவது இந்த ஒப்பீட்டால்தான். இந்தப் புதையல்கள் ஊர்ப்பெயர் இல்லாமல் ஒவ்வொன்றாகப் பிரிந்து விற்றுப்போயிருந்தால், எல்லாக் காசும் பத்திரமாக இருந்திருக்கும். இந்த அறிவு இருந்திருக்காது.

டைபீரியஸ் காசுக்குச் சந்தை செய்வதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அமர்ந்த பெண்ணுருவம் கொண்ட அந்த வகைக்கு வணிகர்கள் 'வரிக்காசு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வரி கொடுப்பது முறையா என்று கேட்டவர்களிடம் இயேசு காசைக் காட்டச் சொன்னாரே, அந்தக் காசாம். நற்செய்தியில் சீசரின் உருவம் என்று மட்டுமே வருகிறது. எந்தச் சீசர், எந்த வகை என்று இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் விலையை ஏற்றுகிறது. ஆக, காசுக்குக் கதை வேண்டும் என்பது விற்பவருக்கும் தெரியும். உண்மையில் நடந்த கதையை உதறிவிட்டு, விலைபோகும் கதையைப் போர்த்தி அனுப்புகிறார்.

அடுத்த வாதம்: "லட்சக்கணக்கில் அடித்த காசு. அருங்காட்சியகங்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஒன்று போனால் என்ன?" அரிய காசு தனியாகக் கிடைத்தாலும் அறிஞர்கள் அதைத் தேடிப்போய் எழுதிவிடுவார்கள். சாதாரணக் காசு பேசுவது எண்ணிக்கையால்தான். எந்த ஊரில் எத்தனை, எதோடு எது என்ற கணக்கே அதன் மொழி. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் மேல் உளியால் வெட்டியிருந்தார்கள். அப்படி ஒரு காசு தனியாக ஏலத்துக்கு வந்தால் 'சேதமடைந்தது' என்று எழுதி விலையைக் குறைப்பார்கள். ஐந்நூறு காசு சேர்ந்து கிடந்ததால்தான் அது சேதமில்லை, யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று தெரிகிறது.

மூன்றாவது வாதம்தான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. "வாங்க ஆள் இல்லையென்றால் தட்டார் உலையில் உருகிப்போகும். சேகரிப்பவர்தான் காப்பாற்றுகிறார்" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. உருகிப்போன புதையல்களுக்குக் கணக்கே இல்லை. இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் கொடுப்பது உலோகத்தின் விலையும், அதில் ஐந்தில் ஒரு பங்கும். நாலு கிராம்கூட வராத வெள்ளிக் காசுக்கு இந்தக் கணக்கில் என்ன வரும்? வரப்பில் கலயத்தைக் கண்ட விவசாயி தாலுகா ஆபீசுக்கு நடக்காததற்கு அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் உலைக்கும் ஊர்பேர் இல்லாத விற்பனைக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 2010இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், ஃப்ரோம் ஊருக்கு அருகே, உலோகம் காட்டும் கருவியோடு வயலில் திரிந்த ஒருவர் ஒரு பானையைக் கண்டார். சில காசுகளைப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களை அழைத்தார். அவர்கள் பானையை அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். மொத்தம் 52,503 காசுகள். 286 முதல் 293 வரை பிரிட்டனை ஆண்ட கராசியஸின் காசுகளே அதில் கடைசிக் காலத்தவை. ஆண்டாண்டாகச் சேர்த்த சேமிப்பென்றால் அவை வாய்ப்பக்கம் இருக்க வேண்டும். இருந்ததோ வெகு ஆழத்தில். அதனால் பானை சிறுகச் சிறுக நிறைந்ததில்லை, குறுகிய நேரத்தில் கொட்டி நிரப்பியது என்று தெரிந்தது. கராசியஸ் அடித்த அரிய தெனாரியஸ் ஐந்தும் அதில் இருந்தன. அந்த ஐந்தை மட்டும் பொறுக்கி விற்றிருந்தாலும் நல்ல பணம் வந்திருக்கும். அவர் நிறுத்தியதற்கு அங்குள்ள சட்டம் துணைநின்றது. சந்தை மதிப்பாக 3,20,250 பவுண்டு கொடுத்து அருங்காட்சியகம் வாங்க, கண்டவரும் நிலக்காரரும் பங்கிட்டுக்கொண்டார்கள். நம் சட்டத்தில் மாற வேண்டியது இந்த இடம்தான். சேகரிப்போர் சங்கங்கள் இதற்காகக் குரல் கொடுத்தால், காப்பாற்றுகிறோம் என்ற அவர்கள் பேச்சை நான் முழுதாக ஏற்பேன்.

"ரசீது இருக்கிறது, பெரிய ஏலத்தில் வாங்கியது" என்பது இன்னொரு சமாதானம். சீசரைக் கொன்றதைக் கொண்டாடி புரூட்டஸ் அடித்த காசு ஒன்று, வெள்ளியில் வரும் அதே வகையின் தங்க வடிவம், 2020இல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. முன்பு யாரிடம் இருந்தது என்று காட்டிய வரலாறு இட்டுக்கட்டியது என்று பிறகு தெரிந்து, 2023இல் நியூயார்க்கிலிருந்து கிரீஸுக்குத் திரும்பியது. அவ்வளவு விலைபோன காசுக்கே இந்த நிலை என்றால் கடைத்தட்டுக் காசின் ரசீதை என்னவென்று சொல்வது? இந்தியாவில் நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. போலிகளும் இதே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. எங்கிருந்து வந்தது என்று கேட்காத சந்தையில் நேற்று வார்த்த காசுக்கும் இரண்டாயிரம் வயது சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் சேகரிப்பாளர்கள் மேல் உள்ள வெறுப்பால் எழுதவில்லை. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தாமே பெரும் சேகரிப்பாளர். தென்னிந்தியாவில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி 1994இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பிலேயே கரூர், மதுரை, திருக்கோவிலூர் என்று மூன்று ஊர்களும் இருக்கின்றன. தேய்ந்துபோன, விலைபெறாத செப்புக் காசுகள் அவை. ஊரைச் சேர்த்து எழுதியதால்தான் ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைத் தேடுகிறார்கள். காசை வாங்கும்போதே கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டால் போதும். ஊர், ஆறா வயலா, எந்த ஆண்டு, கூட என்ன கிடந்தது.

அன்று அந்தக் காசை நான் வாங்கவில்லை. அதை இட்டிருந்த காகித உறையில் பேரரசன் பெயர், எடை, விலை மூன்றும் பென்சிலில் எழுதியிருந்தன. கீழே இடம் இருந்தது. "அடுத்த தடவை யாராவது கொண்டுவந்தால் ஊரைக் கேட்டு இதில் எழுதி வையுங்கள்" என்றேன். "கேட்டா சொல்லுவாங்களாங்க?" என்றார். கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.