உறைஞ்ச தேனும் மலைக்காரங்க மேல விழுற பழியும்

கொல்லிமலைக்கு, அதுவும் செம்மேடு, வாழவந்தி நாட்டுப் பக்கம் டூர் போயிட்டு வர்ற நம்ம மக்கள்கிட்ட ஒரு புலம்பல் தவறாம வரும். "மலைத்தேன்னு சொல்லி வெல்லப்பாகைத் தலையில கட்டிட்டான்யா, பாட்டிலுக்கு அடியில ஜீனி தங்கியிருக்கு பாரு!" காரவள்ளியிலேர்ந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, குடலைப் புரட்டிக்கிட்டுப் போய் வாங்கினது. வயிறு எரியத்தான் செய்யும். ஆனா அடியில தங்கியிருக்கிறதைக் காட்டி, தேன் எடுத்து வித்த மலையாளி சனங்களுக்கு (கேரளக்காரங்க இல்லை சாமி, கொல்லிமலைப் பழங்குடிகள்) திருட்டுப்பட்டம் கட்டுறாங்க பாருங்க, அது எனக்கு ஆகவே ஆகாது.

மலையில யாருமே கலப்படம் பண்றதில்லைன்னு சர்டிபிகேட் குடுக்க நான் வரலை. உறைஞ்சதை வச்சு அதைச் சொல்ல முடியாதுங்கிறதுதான் மேட்டர்.

பூவிலேர்ந்து தேனீ எடுத்துட்டு வர்ற மதுவில பெரும்பாலும் இருக்கிறது சுக்ரோஸ். நம்ம ஜீனியும் அதேதான். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து நிக்கிற மூலக்கூறு. தேனீயோட தலையில இருக்கிற சுரப்பியில ஊறுற ஒரு நொதி அந்தக் கையை வெட்டி விட்டுடுது. அதனால தேன்ல சுக்ரோஸ் கொஞ்சூண்டுதான் மிஞ்சும், மத்ததெல்லாம் பிரிஞ்சு நிக்கிற ரெண்டு சர்க்கரை.

இந்த ரெண்டுக்கும் அணுக்கணக்கு ஒண்ணுதான்: 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். குளுக்கோஸ்ல முதல் கார்பன் ஆல்டிஹைடு. ஃபிரக்டோஸ்ல ரெண்டாவது கார்பன் கீட்டோன். வித்தியாசமே அவ்வளவுதான். ஃபீனைல் ஹைட்ரசின் ஊத்தினா ரெண்டும் ஒரே மஞ்சள் படிகத்தைத்தான் தரும், ஏன்னா அது கை வைக்கிறது வித்தியாசம் இருக்கிற அந்த ரெண்டு கார்பன் மேலயே. சர்க்கரைகளோட அமைப்பைத் துப்புத் துலக்க எமில் ஃபிஷருக்குக் கைகொடுத்தது இதுதான். 1902-ல நோபல் பரிசும் வாங்கினாரு. பிளஸ் டூவுல இந்தாளு பேரைக் கேட்டாலே எனக்கு ஜுரம் வரும் :-)

இவ்வளவு சின்ன வித்தியாசம், ஆனா தண்ணில கரையறதுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சாதாரண வெப்பத்துல 100 கிராம் தண்ணில குளுக்கோஸ் சுமார் 90 கிராம் கரையும். ஃபிரக்டோஸோ 350 கிராமையும் தாண்டும். இப்ப 100 கிராம் தேனை எடுத்துக்குங்க. சராசரியா தண்ணி 17 கிராம், குளுக்கோஸ் 31, ஃபிரக்டோஸ் 38. அந்த 17 கிராம் தண்ணி தாங்கக்கூடிய குளுக்கோஸ் தோராயமா 15 கிராம். உள்ள இருக்கிறதோ அதுல ரெண்டு மடங்கு! மிச்சம் என்னிக்காவது ஒருநாள் கீழ இறங்கித்தானே ஆகணும்? 14 டிகிரி வாக்குல இருந்தா இன்னும் வேகமா இறங்கும். ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கிற மலையில மார்கழிக் குளிர்னா கேட்கவே வேணாம். எந்தப் பூவோட தேன்ங்கிறதும் முக்கியம். குளுக்கோஸ் தூக்கலா இருக்கிற வடக்கத்திக் கடுகுப்பூத் தேன் சீக்கிரமே வெண்ணெய் மாதிரி இறுகிடும்.

இன்னொரு பக்கம், வருஷக்கணக்கா பளபளன்னு இருக்கிற கடைத்தேன்? சூடு பண்ணி, நல்லா வடிகட்டி, படிகம் பிடிக்கத் தோதான துணுக்கையெல்லாம் எடுத்துட்டா உறையறது தள்ளிப்போகும். ஃபிரக்டோஸ் தூக்கலான பாகைக் கலந்தாலும் அதேதான். தெளிவா இருக்குங்கிறது ஒரு நற்சான்றும் இல்லை.

தீக்குச்சியை முக்கிப் பத்தவைக்கிறது, தண்ணில சொட்டு விடுறது, நாய் நக்குதான்னு பார்க்கிறது எல்லாம் சும்மா. ஏன்னா பாகுல இருக்கிற குளுக்கோஸும் தேன்ல இருக்கிற குளுக்கோஸும் அச்சு அசல் ஒரே மூலக்கூறு. நாயென்ன, ஃபிஷரே வந்தாலும் பிரிச்சுச் சொல்ல முடியாது. லேப்ல அதனாலதான் கார்பனோட எடையைப் பார்ப்பாங்க. கரும்பும் மக்காச்சோளமும் காத்துல இருக்கிற கார்பனைப் பிடிக்கிற விதம் வேற. கனமான கார்பன்-13 அதுங்க சர்க்கரையில கொஞ்சம் கூடுதலா இருக்கும். அரிசியோ பெரும்பாலான பூச்செடிகளோட ஜாதி. அரிசியிலேர்ந்து பாகு காய்ச்சினா இந்த டெஸ்ட் கோட்டை விட்டுடும்.

2020 டிசம்பர்ல டெல்லி சி.எஸ்.இ. அமைப்பு 13 பிராண்டுகளை எடுத்து, ஜெர்மனி லேப்ல என்.எம்.ஆர். சோதனைக்கும் அனுப்புச்சு. 10 பிராண்டு தேறலை. அதுல பெரிய பிராண்டுகள் அநேகமா எல்லாமே உள்ளூர் சோதனையில பாஸானவை. கம்பெனிகள் மறுத்தாங்க, அது வேற கதை. ஆனா நம்மாளு சீல் வச்ச பாட்டிலைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்குவான், மலைக்காரர்கிட்ட மட்டும் சந்தேகத்தோட பேரம் பேசுவான். உறைஞ்ச பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணில அரைமணி ஒருமணி வச்சா இளகிடப் போகுது. அடுப்புல மட்டும் ஏத்திடாதீங்க, வாசனை போயிடும்.

சர்க்கரை வியாதிக்காரங்க தேனை இஷ்டத்துக்குச் சாப்பிடலாம்னு ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கே, அவங்க மேல சொன்ன 31-ஐயும் 38-ஐயும் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்துக்கணும்.